சோழகத்தை அடைச்சிருங்க

தருவைகுளம்,
6 ஜனவரி 2025

சிவசுப்பிரமணியன் சாருக்கு,

கஸ்பார் மனைவி ஜெபசெல்வி எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் கேட்கவில்லை.

உங்கள் போன் ஏழு மாதமாக அணைந்தே கிடக்கிறது. ஏரலில் உங்கள் வீட்டுக்கே போனேன். உங்கள் தங்கை செல்வலட்சுமி முதலில் கதவைத் திறக்கவில்லை. அரை மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு ஜாம்நகர் விலாசத்தை ஒரு சீட்டில் எழுதி ஜன்னல் வழியாக நீட்டினார். நம்பரைத் தரவில்லை. எனக்கும் வேண்டாம். போனில் சொல்வது காற்றோடு போய்விடும், எனக்கு எழுத்தில் வேண்டும். அதனால்தான் பதிவுத் தபால்.

போன வருஷம் ஜூன் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கடல் காட்சியகத்தின் பெரிய பவளத் தொட்டிக்குள் சுத்தம் செய்ய இறங்கிய என் வீட்டுக்காரர் பிணமாக வெளியே வந்தார். அன்றைக்கு மோட்டார் அறையில் நின்றது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் போலீஸில் எழுதிக் கொடுத்த தாளின் நகல் போன மாதம்தான் என் கைக்கு வந்தது. "அன்று கஸ்பார் நிதானம் இல்லாமல் இருந்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நிதானம் இல்லாமல் என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான் சார். குடித்திருந்தார் என்று அர்த்தம். பிரேதப் பரிசோதனையில் குடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் அதை யார் படிக்கிறார்கள்? உங்கள் காட்சியகத்து ஆட்கள் உங்கள் வரியைத்தான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். வலை காயப்போடும் இடத்தில் நான் வருவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். நிறுத்துகிற பேச்சு என்னவென்று எனக்குத் தெரியாதா?

என் மகள் விஜிலாவை உங்களுக்குத் தெரியும். அவள் கோயிலில் முதல் நற்கருணை, புதுநன்மை வாங்கிய அன்று அவள் தலையில் கை வைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவர் அவர். ஏழு வருஷம் தொடவில்லை. இப்போது அவள் சாயர்புரத்தில் விடுதியில் இருந்து பதினொன்றாவது படிக்கிறாள். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வாங்கி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். "என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டுக் குடிச்சாவல்லா, நான் வரல" என்றாள்.

ஒரே கேள்விதான். அவர் குடித்திருந்தாரா? ஆம் என்றால் ஆம் என்று எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன். இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

ஜெபசெல்வி

*

ஜாம்நகர்,
27 ஜனவரி 2025

தங்கச்சி ஜெபசெல்விக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் வீட்டில் நான் சாப்பிடாத வாரம் கிடையாது. எனக்காகத் தனிச் சட்டியில் கத்தரிக்காய்க் குழம்பு வைப்பீர்கள். அப்போதெல்லாம் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டீர்கள். இப்போது சார். அதற்கு வருத்தப்பட எனக்கு உரிமை இல்லைதான், ஆனாலும் படித்தபோது வலித்தது.

நான் யாருக்கும் பயந்து ஓடி வரவில்லை. அந்தத் தொட்டியை அதற்குமேல் பார்க்க முடியவில்லை. இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர். அதை ஓடவைத்தது நான். மீனுக்குத் துடுப்பு இருக்கிறது, பிடிக்காத இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். பவளம் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிற உயிர். சாப்பாடு, மூச்சு, கழிவு எல்லாமே ஓடுகிற தண்ணீரால்தான். ஒரே பக்கமாக வேகமாக அடித்தால் அதன் சதை கிழிந்துவிடும். அடிக்காமல் விட்டால் மேலே கசடு படிந்து அழுகிவிடும். அதனால் இரண்டு முனையிலும் மோட்டார் வைத்து, சிறிது நேரம் வடக்கே, சிறிது நேரம் தெற்கே என்று மாற்றி மாற்றி ஓட்டினேன். மூன்று மாதம் தூங்காமல் போட்ட கணக்கு அது.

அந்தக் கணக்கில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது கஸ்பார்தான், மறைக்க மாட்டேன். உங்கள் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்து வந்து, பாறைக்குப் பாறை கட்டிவிட்டான். எல்லா நூலும் ஆடியது. வடக்கு மூலையில் பெரிய பாறைக்குப் பின்னால் கட்டிய நூல் மட்டும் நேராகத் தொங்கியது. "அண்ணாச்சி, அந்த மூலையில தண்ணி செத்துக் கெடக்கு" என்றான்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவன் குடித்ததை நான் பார்க்கவில்லை. வாடையும் அடிக்கவில்லை. ஆனால் அன்று அவன் புத்தி ஒரு நிலையில் இல்லை. அதைத்தான் நிதானம் இல்லை என்று எழுதினேன். உங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் எடுத்தால் நான் என்ன செய்வது? இதற்குமேல் கிளற வேண்டாம். கிளறினால் அவன் பெயர்தான் இன்னும் கெடும்.

சிவசுப்பிரமணியன்

*

தருவைகுளம்,
10 பிப்ரவரி 2025

சிவசுப்பிரமணியன் சாருக்கு,

தங்கச்சி என்று எழுத வேண்டாம். கூடப்பிறந்தவன் இப்படிச் செய்யமாட்டான்.

பவளம் எப்படி மூச்சு விடுகிறது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரர் எப்படி மூச்சு விடாமல் போனார் என்று ஒரு வரி இல்லை. அவர் பெயர் இன்னும் கெடும் என்று பூச்சாண்டி காட்டுகிறீர்கள். இதற்குமேல் கெட என்ன இருக்கிறது? பதினேழு வயதில் சங்கு குளிக்கப் போனவர். ஒன்பது பாகம், ஐம்பதடிக்கு மேல் ஆழத்தில், கடலடி முத்துப் பாறைகளில் குப்புறக் கிடந்து வேலை பார்த்தவர். ஆளுயரத் தொட்டிக்குள் குடித்துவிட்டுச் செத்தார் என்று சொல்லுகிறார்களே, இதைவிடவா?

பார்க்கவில்லை, வாடையும் இல்லை என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டீர்கள். அதுவரை நல்லது. ஆனால் புத்தி ஒரு நிலையில் இல்லை என்றும் சேர்த்திருக்கிறீர்கள். எதை வைத்து? அன்று காலையில் இட்லி சாப்பிட்டார். விஜிலாவுக்குப் போன் பண்ணி, விடுதிச் சாப்பாடு பிடிக்கிறதா என்று கேட்டார். என் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனார். புத்தி இல்லாதவன் செய்கிற வேலையா இது?

அந்த மூலையைப் பற்றி என்னிடமும் சொல்லியிருந்தார். "தண்ணிய உறிஞ்சுத வாயில பாசியும் கடல்பஞ்சும் அடைச்சுக் கெடக்கு. இழுவையே இல்ல. அதை நோண்டி எடுத்துட்டா அந்த மூலைக்கும் உசுரு வந்திரும்" என்றார். அவ்வளவு தெளிவாகப் பேசினவர் சார்.

இப்போது இதைச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் இறங்குமுன் அவர் உங்களிடம் கடைசியாக என்ன சொன்னார்? ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதுங்கள்.

ஜெபசெல்வி

*

ஜாம்நகர்,
3 மார்ச் 2025

ஜெபசெல்விக்கு,

மூன்று தரம் எழுதிக் கிழித்துப் போட்டேன். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். பிறகு என்னைத் திட்டக்கூடாது.

வழக்கமாக அவன் இறங்கினால் இரண்டு மோட்டாரையும் நிறுத்திவிடுவேன். ஆனால் முந்தின வாரம் அப்படி நிறுத்தியதில் பவளமெல்லாம் சுருண்டு, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அன்று ஞாயிறு, கண்ணாடிக்கு முன்னால் கூட்டம். ஒன்று கட்டாயம் ஓட வேண்டும், அதுவும் முழு வேகத்தில் ஓட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேலை வடக்கு மூலையில். ஆகவே வடக்கு முனையில் தண்ணீரை உறிஞ்சும் மோட்டாரை நிறுத்திவிட்டு, தெற்கு முனையில் உறிஞ்சுவதை ஓடவிடுவதென்று பேசிக்கொண்டோம்.

மோட்டார்களுக்கு இங்கிலீஷில் நம்பர்தான் இருந்தது. வேலையாட்களுக்குக் குழப்பமாக இருந்ததால், இரண்டு வாரத்துக்கு முன்னால் தமிழில் பெயர் எழுதப்பட்டது. கடலில் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடுமே, அதற்கு உங்களிடம் என்ன பெயர் என்று கஸ்பாரிடம்தான் கேட்டேன். "வாட, சோழகம்" என்றான். தண்ணீரை வடக்கே தள்ளுகிற மோட்டாருக்கு வாடை, தெற்கே தள்ளுகிறதற்குச் சோழகம்.

தண்ணீரை வடக்கே தள்ளும் மோட்டார் தெற்கு முனையில் பீய்ச்சும், வடக்கு முனையில் உறிஞ்சும். ஆக, அன்று நிறுத்த வேண்டியது வாடை. ஆனால் அவன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, காற்றுக் குழாயை வாயில் வைக்குமுன் என்னைப் பார்த்துக் கத்தியது இதுதான்:

"சோழகத்தை அடைச்சிருங்க அண்ணாச்சி!"

எனக்கு ஒரு கணம் இடித்தது. வடக்கே வேலை செய்யப் போகிறவன் சோழகத்தை ஏன் நிறுத்தச் சொல்கிறான்? கடல்காரன், ஏதோ காரணம் வைத்திருப்பான் என்று நினைத்தேன். திருப்பிக் கேட்கவில்லை. சோழகம் என்று எழுதியிருந்த மோட்டாரை அடைத்தேன். வாடையை முழு வேகத்தில் வைத்தேன்.

அடைப்பு இருந்தவரை அவனுக்கு இழுவை தெரிந்திருக்காது. மூடியைக் கழற்றிப் பஞ்சைப் பிடுங்கியதும் கை தோள்வரை உள்ளே போய்விட்டது. காற்றுக் குழாய் வாயிலிருந்து தெறித்தது. காலைப் பாறையில் ஊன்றி உதைத்திருக்கிறான். கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள் வேடிக்கை காட்டுகிறான் என்று கை தட்டினார்கள். அந்தச் சத்தம் மோட்டார் அறைவரை கேட்டது. நானும் ஏதோ மீன் வித்தை என்றுதான் இருந்தேன்.

இப்போது சொல்லுங்கள். நிதானத்தில் இருக்கிறவன் பெயரை மாற்றிச் சொல்வானா? அவனே கொடுத்த பெயர். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சரியாகச் சொல்லியிருந்தால் இன்று உயிரோடு இருப்பான். அவன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? இதைச் சொல்லி உங்களை நோகடிக்கக் கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தேன்.

சிவசுப்பிரமணியன்

*

தருவைகுளம்,
14 மார்ச் 2025

சிவசுப்பிரமணியன் சாருக்கு,

உங்கள் கடிதத்தை நாலைந்து தரம் படித்தேன். முதல் தரம் அழுதேன். கை தட்டினார்கள் என்ற இடத்தில் தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அடுத்த தரம் படித்தபோது அழுகை நின்றுவிட்டது.

மார்கழியில் குளிரக் குளிர அடிக்கிற வாடைக் காற்று எங்கேயிருந்து வருகிறது சார்? வடக்கேயிருந்து. வடக்கே போகிற காற்றை எவனாவது வாடை என்பானா? ஆனி ஆடியில் மண்ணை வாரி இறைக்கிற சோழகம் தெற்கேயிருந்து வருவது. காற்றுக்கு எப்படியோ அப்படித்தான் எங்கள் கடலில் தண்ணீருக்கும். எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதுதான் பெயர். இது எங்கள் ஊரில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்கும் தெரியும்.

சோழகத்தை அடைச்சிருங்க என்றால், தெற்கேயிருந்து வருகிற தண்ணீரை நிறுத்துங்கள் என்று அர்த்தம். தெற்கேயிருந்து வருகிற தண்ணீர் எங்கே போகும்? வடக்கே. எங்கே உறிஞ்சப்படும்? வடக்கு மூலையில். அவர் உட்காரப்போகிற இடத்தில். அதைத்தான் நிறுத்தச் சொன்னார்.

பெயர் எழுதப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தானாக எழுதிக்கொண்டதா? அவர் ஈரக் காலோடு மோட்டார் அறைக்குள் வரவே கூடாது என்று சட்டம் போட்டவர் நீங்கள். அந்த எழுத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். யார் எழுதியது சார்? பேரை மட்டும் சொல்லுங்கள்.

ஜெபசெல்வி

*

ஜாம்நகர்,
22 மார்ச் 2025

ஜெபசெல்விக்கு,

நான்தான். சிவப்புப் பெயிண்டில், என் கையால்.

எங்கள் பக்கம் அணையிலிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால் பிரியும். வடகால் என்றால் வடக்கே தண்ணீர் கொண்டுபோகிற கால். எங்கள் வயல் அதில்தான் பாய்ந்தது. தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் எங்கள் வீட்டில் பார்ப்பார்கள், எங்கேயிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. கஸ்பார் வாடை என்றதும் வடக்கே போவது என்று நானே முடிவு செய்துகொண்டேன். எது எந்தப் பக்கம் என்று அவனிடம் கேட்கவில்லை. அவன் வேலையாள், நான் டிப்ளமோ படித்தவன், இது எனக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

அவன் சரியாகச் சொல்லியிருக்கிறான். நான் ஒன்பது மாதமாக அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

என்னால் மேலே எழுத முடியவில்லை.

சிவசுப்பிரமணியன்

*

ஏரல்,
20 ஏப்ரல் 2025

ஜெபசெல்விக்கு,

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். வந்த மறுநாள் தருவைகுளத்துக்கு பஸ் ஏறினேன். கோயில் வரைக்கும் வந்தேன். உங்கள் வீட்டு வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது, உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவன் எண்ணெய் போட்ட மெஷின்தானே. அதற்குமேல் கால் வரவில்லை. திரும்பிவிட்டேன். கோழைத்தனம்தான்.

அங்கேயிருந்து காட்சியகத்துக்குப் போய் டிக்கெட் எடுத்து உள்ளே நுழைந்தேன். தொட்டி நன்றாக இருக்கிறது. வடக்கு மூலையில்கூடப் பவளம் விரிந்து நிற்கிறது. அவன் அடைப்பை எடுத்த பிறகு அந்த மூலைக்கு உயிர் வந்துவிட்டது. பெரிய பாறையில் அவன் கட்டிய சிவப்பு நூல் ஒன்று இன்னும் இருக்கிறது. நுனி வடக்கே சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. சோழகம் என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மோட்டார் அறையில் பாண்டியராஜ் என்று புதிதாக ஒருவர் இருந்தார். என் எழுத்து அப்படியே இருந்தது. அடுத்த வாரம் சுத்தம் செய்ய மணப்பாட்டிலிருந்து முக்குளிக்கிற ஒரு குளிகாரர் வருகிறார் என்று சொன்னார். அவரும் கடல்காரர். அவரும் அவர் பாஷையில்தான் சொல்லுவார். பாண்டியராஜ் தடுக்கத் தடுக்க, கிடந்த ஒரு ஆணியை எடுத்து இரண்டு பெயரையும் சுரண்டினேன். "வடக்கு மூலையில் உறிஞ்சும்", "தெற்கு மூலையில் உறிஞ்சும்" என்று எழுதிவிட்டு வந்தேன். காவலாள் பிடரியில் கை வைத்து வெளியே தள்ளினான். தள்ளட்டும்.

போலீஸில் முடிந்த கேஸ் என்றார்கள். விடவில்லை. சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினேன். நகல் இதோடு இருக்கிறது. நீங்கள் கேட்ட வரி அதில் இருக்கிறது: "கஸ்பார் குடித்திருக்கவில்லை. முழு நிதானத்தோடு, நிறுத்த வேண்டிய மோட்டாரைச் சரியான பெயர் சொல்லி நிறுத்தச் சொன்னார். பெயரை மாற்றி எழுதியவனும், சந்தேகம் வந்தும் திருப்பிக் கேட்காதவனும் நானே. என் முந்தைய வாக்குமூலம் தவறு." இதற்காக என்மேல் வழக்கு வரும் என்று எழுத்தர் இரண்டு தரம் எச்சரித்தார். தெரியும் என்றேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

சிவசுப்பிரமணியன்

*

தருவைகுளம்,
10 ஜூன் 2025

சிவசுப்பிரமணியன் சாருக்கு,

நேற்று அவருக்கு வருஷப் பூசை. உங்கள் தாளைக் கோயிலில் வாசிக்கச் சொல்லி சாமியாரிடம் கேட்டேன். பூசையில் போலீஸ் காகிதம் வாசிக்கிற வழக்கம் இல்லை என்றார். சரி என்று கல்லறைத் தோட்டத்து வாசலில் நானே நின்று சத்தமாக வாசித்தேன். வாசித்து முடித்ததும் ஆறேழு ஆண்கள் வந்து, கஸ்பார் அப்படிப்பட்டவன் இல்லை என்று எங்களுக்கு அப்பவே தெரியும் என்றார்கள். ஒரு வருஷமாக நான் சொன்னபோது யாருக்கும் தெரியவில்லை. ஒரு ஆண்பிள்ளை கையெழுத்துப் போட்டதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

போலீஸில் கூப்பிட்டு, உங்கள்மேல் வழக்கை நடத்த எனக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் எழுதிக் கொடுத்ததற்கு அது பதில் மரியாதை இல்லைதான். ஆனால் அந்த ஒரு கணம் இடித்தது என்று எழுதினீர்களே, அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு தரம், "என்னல சொல்லுத?" என்று கேட்டிருந்தால் போதும். அவர் ஊர் அறியக் கத்திச் சொல்லியிருப்பார். மன்னிப்பு என்னிடம் இல்லை. இருந்தால் தந்திருப்பேன்.

மணப்பாட்டுக்காரர் நல்லபடியாக ஏறி வந்தார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

விஜிலா நேற்று வந்திருந்தாள். கூட்டம் போன பிறகு கல்லறையை விட்டுக் கொஞ்சம் தள்ளியே நின்றாள். நான் வாசித்ததை அவள் முழுசாகக் கேட்கவில்லை போல. "அப்பா கடைசியா என்னம்மா சொன்னாவ?" என்று கேட்டாள். சோழகத்தை அடைச்சிருங்க என்று சொன்னார் என்றேன்.

அவள் கல்லறைப் பக்கமாக இரண்டு எட்டு வைத்தாள். பிறகு, "எந்த மூலைல எறங்குனாவ?" என்றாள்.

"வடக்கு மூலைல."

"அப்ப அப்பா சரியாத்தாம்மா சொல்லிருக்காவ" என்றாள். சொல்லிவிட்டு என் கையிலிருந்து மெழுகுவத்தியை வாங்கினாள். தெற்கேயிருந்து காற்று பலமாக அடித்தது. அந்தப் பக்கமாகப் போய் முதுகால் மறைத்து உட்கார்ந்துகொண்டு ஏற்றினாள்.

ஜெபசெல்வி